பாதி விலைக்கு வந்த மிஷின்

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வைத்திருக்கிற எல்லோரிடமும் ஒரு கிரைண்டர் இருக்கும். மாவரைக்கிற கிரைண்டர் இல்லை, கையில் பிடித்துத் தேய்க்கிறது. சூளைக்குள் சாமான் அடுக்கும் தட்டுகளில் பளபளப்புக்குப் பூசும் கிளேஸ் உருகி ஒட்டிக்கொள்ளும். அதைத் தேய்த்து எடுக்காமல் அடுத்த சூளை வைக்க முடியாது. எங்கள் பழைய கிரைண்டர் புகைந்து நின்றபோது, கம்பெனி டீலரிடமே வாங்கிவிடலாம் என்றேன். என் வீட்டுக்காரர் போனைக் காட்டினார். அதே கம்பெனி, அதே நிறம், விலை மட்டும் பாதி. விற்கிறவர் பெயரை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

பெட்டி வந்தது. கையில் எடுத்ததுமே கனம் போதவில்லை என்று பட்டது. கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்து லேசாகச் சாய்ந்திருந்தது. புது மாடல் இப்படித்தான் இருக்கும் என்றார் அவர்.

கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு, பட்டனை விட்ட பின்னும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. வயர் கருகும் வாடை வரும்; சூளைப் புகையில் அது தனியாகத் தெரியாது. எங்களிடம் வேலை பார்த்த கம்மாபுரத்து அக்கா ஒருநாள் மிஷினைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"கை சுர்ருனு இழுக்குதுங்க. இது எனக்கு வேணாம்."

ஈரத்தில் நின்றதால் அப்படி இருக்கும் என்று சொல்லிவிட்டு, மறுநாள் முதல் என் வீட்டுக்காரர் தானே தேய்க்க ஆரம்பித்தார். எங்கள் பட்டறைத் தரை என்றைக்குக் காய்ந்திருக்கிறது? மண்கரைசல் எப்போதும் சிந்திக்கிடக்கும்.

அன்று நான் அச்சிலிருந்து பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தட்டில் பட்டால் மாற வேண்டிய கிரைண்டர் சத்தம் மாறாமல் ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தது. திரும்பினேன். அவர் நின்றபடி இருந்தார். வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. கைகள் மட்டும் உதறின. பிடிக்க ஓடிய அக்காவைத் தொட வேண்டாம் என்று தடுத்துவிட்டு மெயின் சுவிட்சை இறக்கினேன். அவர் சரிந்தார். மிஷின் விழுந்து, சக்கரம் அவர் காலடித் தரையைக் கீறிக்கொண்டே நின்றது.

உயிர் தப்பியது. உள்ளங்கை வெந்துபோனது, வலது கையில் இரண்டு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் மிஷினைத் திறந்தவர் அதை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இது எங்க மிஷினே இல்லீங்க. உள்ள கரண்ட்ட தடுக்கறதுக்குன்னு ஒண்ணுமே வைக்கல."

போனில் தேடினோம். விற்றவரின் பக்கமே இல்லை.

பக்கத்துப் பட்டறைக்காரரும் எங்களுடையதைப் பார்த்து அதையே வாங்கியிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. போய் எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப வருத்தப்பட்டார்.

"ஆனா எங்களுது நல்லாத்தாங்க ஓடுது" என்றார்.

வெளியே வரும்போது அவர் பட்டறையில் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தேடினேன். கதவுக்குப் பின்னால் இருந்தது; கை எட்டாதபடி அதன் முன்னால் மண் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள்.