குங்குமம் இட்ட மூடி

மகனின் பைக்குக்கு வந்த உதிரிபாகப் பார்சலைப் பிரித்ததும் கிரீஸ் வாசனை எழுந்தது. உத்திரமேரூரில் எங்கள் வீடே அப்படித்தான் மணக்கும். நாங்கள் நைனா என்று அழைக்கும் என் தந்தை பழைய கார் எஞ்சின்களைப் பிரித்து வெளியூர்களுக்கு விற்றுவந்தார்.

ஓர் ஆயுத பூசையன்று, சேலத்து டாக்சிக்காரர் ஒருவருக்கு அனுப்பவேண்டிய எஞ்சின் பாகங்களுக்கு அம்மா பொட்டு வைத்துப் படைத்தாள். மறுநாள் நைனா அவற்றைச் சாக்கில் சுற்றி, வைக்கோல் திணித்து, மரப்பெட்டிக்கு ஆணியடித்தார். தெருக்காரர்கள் ஆறு பேர் சேர்ந்து மாட்டுவண்டியில் ஏற்ற, பெட்டி லாரி ஷெட்டுக்குப் போயிற்று.

பிறகுதான் சாமி படத்தின் கீழே, குங்குமத்தோடு ஓர் இரும்பு மூடி இருப்பதைக் கண்டேன். எஞ்சினின் சுழல்தண்டைப் பிடித்து நிறுத்த, அந்த எஞ்சினோடு சேர்த்தே கடைந்த ஐந்து பேரிங் மூடிகளில் ஒன்று; வேறெதுவும் அங்கே பொருந்தாது. அது இல்லாமல் அந்த மனிதரின் ஒரே டாக்சி ஓடாது.

"ஐயோ, லாரி பூட்ருக்குமே!" நைனா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மிதித்தார். மூடியை இரு கைகளாலும் மடியில் அழுத்திப் பிடித்திருந்தேன்.

லாரி நின்றிருந்தது. பூசைக்கு ஊருக்குப் போன சுமையாட்கள் பலர் இன்னும் திரும்பவில்லை. வந்த இருவரால் பெட்டியை மாட்டுவண்டியிலிருந்து அசைக்கவும் முடியவில்லை.

"இன்னாண்ணே, உள்ள எஞ்சின் வெச்சிக்கிறியா, ஏரிக்கரைய பேத்து வெச்சிக்கிறியா? இடுப்பே பூட்ச்சி!" என்று கத்தினார் ஒருவர்.

வழக்கமாகச் சீறும் நைனா, அன்று அவர் கைகளைப் பற்றிக்கொண்டார்.

"திட்டுப்பா, நல்லா திட்டு" என்று சிரித்துக்கொண்டே பெட்டியின் ஆணிகளைப் பிடுங்கத் தொடங்கினார்.