மூப்பு வரிசையிலை பதினெட்டுப் பக்கங்கள்

பல்கலைக்கழக வெப்சைட்டிலை விரிவுரையாளர்மாருக்குப் பக்கம் செய்து போடுற வேலையிலை கணினி கால்வாசி, மிச்சம் முழுக்க ஆரின்ரை பெயர் ஆரின்ரை பெயருக்கு மேலை எண்ட வழக்குத்தான். கந்தோர் வழிய இருந்து மற்றவையின்ரை பட்டங்களைப் பிழையில்லாமல் அடிச்சுக் கண் கெட்டுப்போன என்ரை சக பாவப்பட்ட சீவன்களே, உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வாசிச்சுக் கொஞ்சம் ஆறுங்கோ.

நான் நாலு வருசமாய் ஒப்பந்தத்திலை இருக்கிறன். வருசா வருசம் பீடாதிபதி கையெழுத்து வைச்சால்தான் அடுத்த வருசம் எனக்குக் கதிரை. அவர் ஒருநாள் கூப்பிட்டு, பீடத்திலை இருக்கிற பதினெட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு பக்கம் வேணும் எண்டார். நானும் நல்லபிள்ளையாய் ஒரு படிவம் செய்தன். படம், பதவி, படிப்பு, படிப்பிக்கிற பாடங்கள், ஆராய்ச்சி, வெளியீடுகள், மின்னஞ்சல். ஏழே ஏழு பெட்டி. ஆறுதலாய் இருந்து நிரப்பினாலும் அரை மணித்தியாலம் போகாது. எல்லாருக்கும் அனுப்பினன். அண்டைக்கே நிரப்பி அனுப்பினது ஒரே ஒரு ஆள்தான். துஷ்யந்தி, தற்காலிக விரிவுரையாளர், பட்டியலிலை பதினெட்டாவது.

கடைசி ஆளின்ரை அவசரம்

துஷ்யந்தி வட்டுக்கோட்டையிலையிருந்து ஸ்கூட்டியிலை வாற பிள்ளை. நோர்வேயிலை ஒரு பேராசிரியை அவவைக் கலாநிதிப் பட்டத்துக்குத் தன்னோடை எடுக்க யோசிக்கிறாவாம். தெரிவுக்குழு பார்க்கிறதுக்கு, துஷ்யந்தியின்ரை பல்கலைக்கழகப் பக்கத்தின்ரை இணைப்பை அடுத்த மாதம் முடிய முதல் அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறா. அனுப்பாட்டில் இந்த வருசம் இடமில்லை. அடுத்த வருசம் பார்ப்பம் எண்டால், அதுக்கிடையிலை இஞ்சத்தைத் தற்காலிக நியமனமும் முடிஞ்சுபோம். ஐஞ்சு கிழமை இருந்தது.

அவ தந்த விபரம் எல்லாம் அச்சொட்டாய் இருந்தது. அடுத்தநாளே பக்கத்தைச் செய்து முடிச்சு, வெளியிலை விட அனுமதி கேட்டுப் பீடாதிபதியட்டைப் போனன். மனுசன் கண்ணாடியைக் கழட்டி மேசையிலை வைச்சார். பக்கங்கள் மூப்பு வரிசைப்படிதான் வெளிவரவேணுமாம். முதலாவது ஆளின்ரை வராமல் இரண்டாவது இல்லை, பதினேழு வராமல் பதினெட்டு இல்லை. அந்தப் பிள்ளைக்கு அவசரம் சேர் எண்டு சொல்லிப் பார்த்தன். அவர் சொன்னார்: "தம்பி, அதை மட்டும் போட்டால், பார்க்கிறவன் பீடத்திலை அவ ஒருத்திதான் இருக்கிறா எண்டெல்லோ நினைப்பான்."

முதலாவது ஆளின்ரை படம்

முதலாவது ஆள் எங்கடை சிரேஷ்ட பேராசிரியர். பீடத்திலை எல்லாரும் அவரைப் பெரியவர் எண்டுதான் சொல்லுறது. அவர் தந்தால்தான் மற்றப் பதினேழும் அசையும். இரண்டு கிழமை அவரின்ரை அறை வாசலிலை நிண்டு நிண்டு என்ரை செருப்புத்தான் தேய்ஞ்சது. கடைசியிலை படம் மட்டும் வந்தது. மற்ற ஆறு பெட்டியையும் தான் கையாலை எழுதித் தாறாராம்.

படத்தைத் திறந்து பார்த்தால் கருகரு எண்டு மீசை, தலை நிறைய மயிர், கழுத்திலை மாலை. தோளோடை ஒட்டினபடி கூறைச்சேலையின்ரை கரை கொஞ்சம் தெரியுது. கலியாணப் படத்திலை மனுசியை வெட்டி எறிஞ்சுபோட்டு அனுப்பியிருக்கிறார். அவர் ஓய்வுபெற இரண்டு வருசம்தான் கிடக்குது. "சேர், கொஞ்சம் இப்பத்தையான் படம் இருந்தால் நல்லது. பிள்ளையள் ஆளை மட்டுக்கட்டவேணுமெல்லே" எண்டு பணிவாய்த்தான் கேட்டன். அவருக்குக் கோபம் வரேல்லை. "ஐசே, அதிலை இருக்கிறதுதான் நான். உமக்கு முன்னாலை இருக்கிற ஆளை எனக்கே மட்டுக்கட்ட ஏலாமல் கிடக்குது."

ஒரே நாளிலை வந்த இரண்டு பேர்

ஏழாவது ஆளும் எட்டாவது ஆளும் ஒரே நாளிலை கடமை ஏற்றவை. ஆர் ஏழு, ஆர் எட்டு எண்டது இருபது வருசமாய்த் தீராத வழக்கு. ஒருத்தர் காலமை எட்டரைக்குக் கையெழுத்து வைச்சவராம். மற்றவர் அண்டைக்கு மழை, பஸ் பிந்தினது எண்டு சொல்லி, நியமனக் கடிதத்திலை தன்ரை இலக்கம் முந்தினது எண்டு அதை உறையோடை கொண்டுவந்து காட்டினார். ரெண்டு பேரும் என்ரை சின்ன அறைக்குள்ளை நிண்டு கதைச்ச கதைக்கு எனக்குக் காது அடைச்சுப்போச்சு. ஒரே வரியிலை ரெண்டு படம் வரும் சேர் எண்டன். அப்ப இடப்பக்கம் ஆர் எண்டு கேட்டினம்.

எனக்கும் விசர் பிடிச்சிட்டுது. பக்கத்தைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் ரெண்டு பேரும் இடம் மாறி மாறி வாற மாதிரி எழுதி, பரீட்சார்த்தமாய் அவைக்கு மட்டும் அனுப்பிவிட்டன். பெரிய கெட்டித்தனம் செய்தன் எண்டு ஒரு பிளேன்ரீயும் குடிச்சன். பின்னேரம் காலமைக் கையெழுத்துக்காரர் முகம் வெளிறிப்போய் வந்து கதவைச் சாத்திப்போட்டுக் கேட்டார்: "காலமை நான் முன்னுக்கு இருந்தன், மத்தியானம் இறக்கிப்போட்டாய். உண்மையைச் சொல்லு தம்பி, என்னைப்பற்றி ஆரும் பெட்டிசம் போட்டதோ?"

வெளியீடுகள்

பதினோராவது ஆள் வெளியீடுகள் பெட்டிக்கு முப்பத்திரண்டு தலைப்பு அனுப்பினார். வாசிச்சுக்கொண்டு போனால், கோயில் கும்பாபிசேக மலருக்கு எழுதின வாழ்த்துச்செய்தி ஐஞ்சு, பாடசாலை விளையாட்டுப்போட்டிக்கு ஒண்டு, மிச்சம் அரைவாசிக்கு மேலை கல்வெட்டு. செத்தவீடு நடந்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக்கு அச்சடிச்சு வந்த சனத்துக்குக் குடுக்கிறமே, அந்தக் கல்வெட்டுத்தான். ஊரிலை ஆர் கண் மூடினாலும் இவர்தான் எழுதிக் குடுக்கிறது. அதிலை வாற வெண்பாக்களையும் தனித்தனியாய் எண்ணியிருந்தார்.

அந்தப் பெட்டிக்குக் கீழை நான் ஒரு கேள்வி வைச்சிருந்தன், வெளிவர முதல் வேறை அறிஞர்கள் வாசிச்சு ஏற்றுக்கொண்டதோ எண்டு. எல்லாத்துக்கும் ஓம் எண்டு போட்டிருந்தார். சேர், இது சர்வதேச ஆய்விதழுகளுக்கு உள்ள கேள்வி எண்டு மெல்லமாய் இழுத்தன். அவர் என்னைப் பரிதாபமாய்ப் பார்த்தார். "தம்பி, செத்தவரின்ரை ஏழு பிள்ளையளும் வாசிச்சுத் திருத்தினவை. அதிலை மூண்டு பேர் கனடா."

மத்தியானச் சாப்பாட்டு நேரம்

இப்பிடியே நாலரைக் கிழமை போச்சு. துஷ்யந்தி ஒவ்வொரு நாளும் வந்து, ஒண்டும் கேளாமல், வாசலிலை ஒரு சிரிப்புச் சிரிச்சுப்போட்டுப் போவா. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாய் இருந்திருக்கும். பெரியவர் இன்னும் ஒரு பெட்டியும் நிரப்பேல்லை. மாதத்தின்ரை கடைசி நாள் வந்தது. பத்து மணிக்கு அவரட்டைப் போனன், நாளைக்குப் பார்ப்பம் எண்டார். பதினொண்டுக்குப் பீடாதிபதியட்டைப் போனன், பெரியவரைக் கேட்கச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. பயமும் இருந்தது, இல்லை எண்டு சொல்லமாட்டன். என்ரை ஒப்பந்தக் கடிதம் அந்தக் கிழமைதான் கையெழுத்துக்குப் போயிருந்தது. பன்னிரண்டரைக்குக் கந்தோரே சாப்பாட்டுப் பெட்டியளைத் திறந்த நேரம் நான் பதினெட்டாம் பக்கத்தைத் திறந்துவிட்டு இணைப்பைத் துஷ்யந்திக்கு அனுப்பினன். அவ ஓடி வந்தா. கண் கலங்கியிருந்தது. "அண்ணை, உங்களுக்கு இதாலை ஏதும் பிரச்சினை வராதோ?"

விளக்கக் கடிதம்

பிரச்சினை வந்தது. அடுத்தநாள் காலமையே பீடாதிபதி கூப்பிட்டார். பக்கத்தை உடனை கழட்டவேணும், ஒழுங்கை மீறினதுக்கு விளக்கம் எழுதவேணும். நோர்வேயிலை குழு பார்க்க முதல் கழட்டினால் செய்ததெல்லாம் வீண். நிண்ட நிலையிலை ஒரு பொய் சொன்னன். சேர், பக்கம் பூட்டுப்பட்டுப்போச்சு, கொழும்பிலையிருந்துதான் திறக்கவேணும், ஒரு கிழமை செல்லும்.

கொழும்பு எண்ட சொல்லுக்கு எங்கடை கந்தோரிலை மறுகேள்வி கிடையாது. அவரின்ரை முகமே மாறிப்போச்சு. "கொழும்பு எண்டால் சரி, அவை ஆறுதலாய்ச் செய்யட்டும். ஆனால் உன்ரை விளக்கக் கடிதம் எனக்கு நாளைக்கு எட்டரைக்கு வேணும்."

பெரியவரின்ரை ரெலிபோன்

அந்தக் கிழமைக்குள்ளை குழு பார்த்தது. அதுக்குப் பிறகு பக்கத்தைக் கழட்டச்சொல்லி ஆரும் ஞாபகப்படுத்தேல்லை. துஷ்யந்திக்கு இடம் கிடைச்சுது. பிள்ளை ராசினாமாக் கடிதத்தைக் குடுத்துவிட்டு, எனக்கு ஒரு பெட்டி கேக்கும் தந்திட்டுப் போனா. என்ரை ஒப்பந்தத்தை வருசத்துக்குப் பதிலாய் ஆறு மாதத்துக்குப் புதுப்பிச்சினம்.

அவ போய் ஒரு கிழமையாலை பெரியவர் ரெலிபோன் எடுத்தார். ஏச்சு விழப்போகுது எண்டு எழும்பி நிண்டுகொண்டுதான் கதைச்சன். மனுசன் நல்ல சந்தோசத்திலை இருந்தார். "ஐசே, அந்தப் பிள்ளையின்ரை பக்கம் பார்த்தன், நல்ல வடிவு. எனக்கும் அதையே போட்டுவிடும், பெயரையும் படத்தையும் மட்டும் மாத்தினால் காணும்."

பதினெட்டுப் பேரிலை இண்டைவரைக்கும் முழுசாய் முடிஞ்ச பக்கம் ஒண்டே ஒண்டுதான், அதின்ரை சொந்தக்காரிதான் இப்ப எங்கடை பல்கலைக்கழகத்திலை இல்லை.