அசனார் காக்காவாகப் பேசியது யார்?

சென்ற செவ்வாய்க்கிழமை ஒரு போன். எங்கள் ஊர் எஃப்.எம்.மிலிருந்து. நிலையத்துக்குப் பிறந்தநாளாம். பழைய ஆட்களைப் பிடித்து, பழைய கதை கேட்கிறார்களாம், நேரடியாக. நானும் பழைய ஆள்தானே... சரி என்றேன்.

"நேயர்களே, இவர்தான் எங்கட நிலையத்தின்ர அந்தக் காலத்து ஸ்டார்!" என்றது அறிவிப்பாளர் பிள்ளை. பின்னால் இசை வேறு. "சேர், 'வட்டையும் வாவியும்' நிகழ்ச்சியில தம்பிப்பிள்ளை, அசனார் காக்கா ரெண்டு குரலுமே நீங்கதானாமே? உண்மையா?"

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு செக்கன் கிடைத்தது. ஒரு செக்கன் தாராளம்.

"ஓம் மகள்" என்றேன்.

"ஐயோ, அசனார் காக்கா மாதிரி ஒருக்காப் பேசிக் காட்டுங்களேன் சேர்!"

பேசிக் காட்டினேன். பிள்ளை கைதட்டியது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மனைவி குசினியில் ரேடியோவை நிறுத்திவிட்டு நிற்கிறாள். "ஜெமீல் காக்கா கேட்டிருந்தா?" என்றாள். கேட்டுவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இன்றைக்கு எஃப்.எம். கேட்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பழைய நிலையம் தெரியாது. முதலில் மாலையில் இரண்டு மணித்தியாலம் மட்டும்தான். பசளை எப்போது போடுவது, றால் என்ன விலை, வாவித் தண்ணீர் கடலுக்கு ஓட முகத்துவாரம் வெட்டுவார்களா மாட்டார்களா, யார் வீட்டில் மரணம். அவ்வளவுதான் ரேடியோ. பனிச்சங்கேணி வரைக்கும் கேட்கும் என்று பெருமை பேசுவோம். காற்று சரியாக இருந்தால் கேட்கும்!

அதில் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு 'வட்டையும் வாவியும்'. வட்டை வயல்காரருக்கு, வாவி மீன்காரருக்கு. வயல்காரத் தம்பிப்பிள்ளையும், சைக்கிளில் துணி கொண்டு வந்து விற்கும் முஸ்லிம் அண்ணன் அசனார் காக்காவும் சண்டை பிடிப்பார்கள். கால் மணித்தியாலம், நேரடி ஒலிபரப்பு. தம்பிப்பிள்ளை நான். அசனார் காக்கா, ஏறாவூர்த் தையற்காரன் ஜெமீல்.

எழுதியதும் ஜெமீல்தான். ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வருவான். அவன் எழுத்தில் ஒரு கிழமை தம்பிப்பிள்ளை வெல்வார், மறு கிழமை காக்கா வெல்வார். இரண்டு ஊர்ச் சனமும் சிரிக்கும்.

பிறகு தமிழரும் முஸ்லிம்களும் பகைத்துக்கொண்ட அந்த வருடம் வந்தது. எங்கள் பக்கத்தில் பிரேதங்கள், அவர்கள் பக்கத்தில் ஜனாசாக்கள். நேற்று ஒரே பஸ்ஸில் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கப் பயந்தார்கள். இடையிலுள்ள தன்னாமுனையைத் தாண்டி ஏறாவூருக்குப் போகவும் ஆளில்லை, அங்கிருந்து வரவும் ஆளில்லை.

நிலையப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். "ஜெமீலை இப்ப எடுக்க ஏலாது. ஆனா அசனார் காக்கா இல்லாட்டி சனம் ரேடியோவைப் பூட்டிப் போட்டிடும். கென்டீன்ல அவரைப் போலப் பேசிச் சிரிக்க வைக்கிறது நீங்கதானே?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அவன் வரும்வரை நிகழ்ச்சி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்காது, அந்த மனிதர் அப்படிப்பட்டவரும் இல்லை. எனக்கோ உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. இரண்டு குரலும் நானா!

நாலைந்து வாரம் போயிற்று. பாதை கொஞ்சம் திறந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, மாடி ஜன்னலால் பார்க்கிறேன்... கேற்றடியில் ஜெமீல். கையில் கொப்பி. எத்தனை சோதனைச் சாவடி இறங்கி ஏறி வந்தானோ. காவலாளி மேலே என்னைப் பார்த்தான். நான் கையை ஆட்டினேன் — இல்லை என்று சொல் என்பதுபோல. ஆட்டிவிட்டு சுவரோரம் ஒதுங்கிக்கொண்டேன்.

பத்து நிமிடத்தில் மைக்குக்கு முன்னால் இருந்து, அவன் குரலில் பேசினேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இதுவரை என் மனைவிக்கும் சொல்லாதது. எழுதுவது நான் என்றான பிறகு, அசனார் காக்கா வெல்வதே இல்லை. ஒவ்வொரு கிழமையும் தோற்றார். கஞ்சத்தனம் பிடித்தவரானார், பயந்தவரானார், கடைசியில் கோமாளியானார். அப்படி எழுதச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. நானாகத்தான் எழுதினேன். "காக்கா இப்பதான் நல்லாக் கதைக்கிறார்" என்று கடிதங்கள் வந்தன. அவற்றைக் கட்டி வைத்திருந்தேன்.

ஒரு மனிதனை அறையை விட்டு வெளியே அனுப்பிவிட்டால், அவன் வாயில் எதையும் வைக்கலாம் — இல்லையா?

இரண்டு வருடம் இப்படி. பிறகு ஊரடங்கு அறிவித்தல்களுக்கே நேரம் போதவில்லை. அப்புறம் பாட்டும் பிறந்தநாள் வாழ்த்தும் வந்தது. வட்டையும் போயிற்று, வாவியும் போயிற்று. இப்போது இருபத்துநாலு மணித்தியாலமும் எஃப்.எம்.

ஞாயிற்றுக்கிழமை ஏறாவூருக்குப் பஸ் ஏறினேன். யுத்தநிறுத்தம் என்பதால் சாவடியில் இறங்கச் சொல்லவில்லை. கடை அதே இடத்தில். ஜெமீல் தலை நரைத்து, மெஷினில் ஒரு ஜன்னல் சீலை தைத்துக்கொண்டிருந்தான்.

"வா. இரி" என்றான்.

இருந்தேன். பிளேன்டீ வந்தது. மெஷின் நிற்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை கேட்டன்" என்றான். "அந்தக் குரல் அப்பிடியே இரிக்கி உன்னட்ட."

நான் பிளேன்டீயைக் கையில் எடுத்தேன்.

"உனக்கு ஒண்டு தெரியுமா? அந்த நேரம் இஞ்ச சனம் என்னைப் பிடிச்சிட்டாங்க. 'நாங்க மையத்து அடக்கிட்டு வந்து இரிக்கம், நீ டவுனுக்குப் போய் அவங்களோட பகிடி பேசிட்டு வாறயா' எண்டு. அதுவும் எங்களையே நக்கலடிச்சி. நான் இல்ல எண்டா ஆரு நம்புற? குரல் என்ட குரல்தானே."

"ஜெமீல்..."

"கேளு. மறுகா நான் ஒரு வேலை செஞ்சன். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு இந்தா, இந்த வாசலில கதிரையப் போட்டு இருந்தன். பக்கத்தில ரேடியோ. சத்தத்தக் கூட்டி வெச்சன். றோட்டால போற எல்லாரும் பாக்கட்டும் — அசனார் காக்கா பேசுறான், ஜெமீல்ட வாய் மூடி இரிக்கி எண்டு. கால் மணித்தியாலமும் வாயத் திறக்கயில்ல. கொட்டாவி வந்தாலும் கையால பொத்திக்குவன்."

"எத்தின கிழமை?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீ நிப்பாட்டுற வரைக்கும்."

கேற்றடியில் நின்றதைப் பற்றி அவன் பேசவே இல்லை. நான்தான் எடுத்தேன். "அண்டைக்கு நான் மேலதான் நிண்டனான், மச்சான். நான்தான் கையக் காட்டினனான். மன்னிச்சிக்க."

"தெரியும். உன்ட கை தெரிஞ்சது எனக்கு" என்றான். பிறகுதான் மெஷினை நிறுத்தினான். "மன்னிப்ப ஏன் இஞ்ச, கடைக்குள்ள வந்து கேக்கிற? இஞ்ச ஆரு கேக்கிற? நீ பேசினது ரேடியோவில. சனம் சிரிச்சதும் ரேடியோவக் கேட்டுத்தான். அதில போய்ச் சொல்லு."

மறுபடி சீலையை இழுத்துத் தைக்கத் தொடங்கினான். நான் பிளேன்டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தேன். போயிட்டு வாறன் என்றதற்கு, ஓம் என்றான். வா என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை அந்த அறிவிப்பாளர் பிள்ளைக்கு போன் எடுத்தேன். "அசனார் காக்கா நானில்ல மகள். அதை நான் ரேடியோவில சொல்லவேணும். அஞ்சு நிமிசம் தந்தாப் போதும்."

விளங்கப்படுத்தினேன். பாவம், பொறுமையாகக் கேட்டது. "சேர்... பொஸ்ஸிட்டக் கேட்டுப் பாத்தன். இப்ப எங்கட ஃபோமட்டுக்கு இது கொஞ்சம் பாரமாம். ரெண்டு பாட்டுக்கு நடுவில முப்பது செக்கன்தான் பேசலாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, உண்மையான அன்போடு கேட்டது: "வேணுமெண்டா அவருக்கு ஒரு பாட்டு டெடிகேட் பண்ணுவமா சேர்?"

பரவாயில்லை மகள் என்றேன்.

ஆகவே இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன். அசனார் காக்காவைப் படைத்தவன், எழுதியவன், பேசியவன் ஏறாவூர் ஜெமீல். கோமாளியாக்கியவன் நான். கேற்றடியில் நின்றவனைத் திருப்பி அனுப்பியதும் நான்தான்.

எழுதி முடித்த பிறகுதான் ஒன்று ஞாபகம் வருகிறது. ஜெமீல் பத்திரிகை வாங்குகிறவன் இல்லை... அது தெரிந்துதான் இவ்வளவு தைரியமாக எழுதினேனோ?