கூட்டக் குறிப்பில் இறால்

எண்ணூரில் ஓர் ஆலை விரிவாக்கத்துக்காக நடந்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு, குறிப்பெடுக்கும் எழுத்தராகப் போயிருந்தேன். முகத்துவாரத்தைக் காக்கும் ஊர்க்குழுவின் சார்பில், கத்திவாக்கத்தில் இறால் பிடிக்கும் ஓர் அம்மாள் பேசினார். ஐந்தடிகூட இல்லாத உருவம். மைக் அவருக்குத் தேவைப்படவில்லை. பேசி முடித்ததும் எழுத்தரின் மேசைக்கு வந்து, எழுதியதைப் படிக்கச் சொல்வது அவர் வழக்கமாம். என்னிடமும் வந்தார்.

“‘குழுவினர் சில ஐயங்களை எழுப்பினர்,’” என்று படித்தேன்.

“எனக்கு இன்னா நைனா ஐயம்? கம்பெனித் தண்ணி வந்து ஆத்துல இறாலு செத்துக் கெடக்குதுன்னேன். இறாலு எங்க?”

“ஆபீஸ் நடை இப்படித்தாம்மா.”

“அந்த நடையில இறாலயும் இட்டுக்கினு போ.”

அந்த வரியை அடித்துவிட்டு, அவர் சொன்னபடியே எழுதினேன். அடுத்த மாதம் மேலிடத்திலிருந்து கோப்பு திரும்பி வந்தது. இறால் செத்த காரணம் தெரியும்வரை அனுமதி கிடையாது என்று குறித்திருந்தார்கள்.

செய்தியைச் சொல்ல நானே கத்திவாக்கம் போனேன். வலையை உதறியபடி கேட்டுக்கொண்டார்.

“சொல்லிக் குடுத்தா நல்லாத்தான் எழுதற,” என்றார்.

என் இருபதாண்டுப் பணியில் கிடைத்த ஒரே பாராட்டு அது. பாராட்டுதானா என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.