ஹமூங்கா பெயரில் போன ரத்தம்

சோமா நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் ரத்தம் எடுத்து எடுத்தே முதிந்தாவுக்கு நாற்பத்து மூன்று வயதாகிவிட்டது. ரத்தத்தில் ஓடும் கொழுப்புக்கும், இன்சுலினை உடம்பு மதிக்காமல் போவதற்கும் என்ன உறவு என்று கண்டுபிடிக்கிற ஆராய்ச்சியாம். கண்டுபிடிப்பவர்கள் தலைநகர் லுசாகாவில் உட்கார்ந்திருக்கும் டாக்டர்கள். விடிகாலையில் வெறும் வயிற்றுக்காரர்களைத் தேடிச் சைக்கிள் மிதிப்பது இவள். அவர்களோடு இவளும் வெறும் வயிறு. வேலை முடிந்ததும் பேருந்து நிறுத்தத்தில் ஆறு பொரித்த மாவுருண்டை, மூன்று கரண்டி சர்க்கரை போட்ட தேநீர். அதற்குப் பிறகுதான் அவளுக்கு உயிரே வரும்.

கரி சுடும் ஹமூங்காவின் வீட்டுக்கு மூன்றாம் முறையாகப் போன காலையிலும் ஆள் காட்டில் இருந்தார். எடை, இடுப்பளவு, கையெழுத்து எல்லாம் முன்பே வாங்கியாயிற்று. ரத்தம் மட்டும் பாக்கி. பத்து மணிக்கு ரத்தக் குழாய்களை ஏற்றிப் போகும் ஐஸ் பெட்டி வண்டி வந்துவிடும். எண்ணிக்கை குறைந்தால் அடுத்த சுற்றில் வேலை கிடையாது. மகள் சோல்வேவுக்கு நர்ஸ் படிப்பில் கடைசி வருஷம். காட்டுக்குள் நடக்க முதிந்தாவுக்குத் தெம்பும் இல்லை. மாமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டி, தன் கையிலேயே ஊசியைக் குத்தினாள். ஹமூங்காவின் எண் ஒட்டிய குழாய் நிறைந்தது. இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதத்தில் லுசாகாவிலிருந்து டாக்டர் கபாம்பாவே ஹமூங்காவின் வீட்டில் வந்து இறங்கினார். காற்றடித்தால் விழுந்துவிடுகிற மாதிரி இருக்கும் மனிதனின் ரத்தத்தில் இவ்வளவு கொழுப்பா என்று அவருக்கு ஆச்சரியம். சர்க்கரை இன்னும் ஏறவில்லை. ஆனால் இன்சுலின் மூன்று பங்கு சுரந்தும் உடம்பு அதன் பேச்சைக் கேட்பதில்லை. இந்த இரண்டும் கூட்டுச் சேர்ந்தால் சில வருஷத்தில் சர்க்கரை நோய் வந்து நிற்கும் என்று விளக்கினார். எண்ணெய், சர்க்கரை கூடாது, சோளக்களி பாதிதான், மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கலாம் என்றார். ஊர்ப் பேச்சில் அதை எடுத்துச் சொன்னது முதிந்தா. ஒவ்வொரு சொல்லும் அவள் ரத்தத்தைப் பற்றியதுதான். ஆனாலும் அதை மட்டும் சொல்லவில்லை, பாவி.

மூன்று மாதம் கழித்து ஊசியோடு போனாள். போகிற வழியெல்லாம் ஒரே கணக்கு. இந்தத் தடவை அவருடைய சொந்த ரத்தம் சுத்தமாகத்தான் வரும். பத்தியம் பலித்தது என்று டாக்டர் எழுதிக்கொள்வார். மாட்டிக்கொள்ள வழியே இல்லை.

ஹமூங்கா வாசலில் உட்கார்ந்திருந்தார். தோள் எலும்பு சட்டையைத் தூக்கி நின்றது. கோடாரி துருப்பிடித்துக் கிடந்தது. ஒரு சொட்டு எண்ணெய் சேர்க்க விடுவதில்லை என்றும், மெலிந்ததைப் பார்த்து ஊரில் எய்ட்ஸ் என்று பேசிக்கொள்கிறார்கள் என்றும் அவர் மனைவி சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். ஹமூங்கா கையை நீட்டினார்.

"சொன்னபடியே இருந்துட்டேன், சோல்வே அம்மா. கோடாரியத் தூக்க முடியல. இந்த ரத்தம் நல்லா வந்துட்டா வயிறு நெறையச் சாப்பிடலாம்ல?"

நல்லா வந்தால் சாகும்வரை இதே பத்தியம்தான். அது அவளுக்கு மட்டுமே தெரியும். அவர் கையில் கட்டியிருந்த ரப்பர் பட்டையை அவிழ்த்தாள்.

"இன்னைக்கே சாப்பிடுங்கண்ணே. அன்னைக்குப் போனது உங்க ரத்தம் இல்ல. என்னோடது."

மரத்துக்குப் பின்னால் நடந்ததையும் சொல்லி முடித்தாள். அடி விழும், குறைந்தது நாலு வசவாவது விழும் என்று காத்திருந்தாள். ஹமூங்கா அவள் முகத்தையும் பருத்த இடுப்பையும் பார்த்தார்.

"அப்ப நான் பட்டினி கிடந்ததுல உனக்கு நோய் கொறைஞ்சுதா?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தன் நோய் என்று தெரிந்த பிறகும் ஒரு நாள்கூட அந்த மாவுருண்டையில் ஒன்றைக் குறைத்ததில்லை.

"இல்லண்ணே," என்றாள்.

அவர் மனைவியிடம் பெரிய பானையை அடுப்பில் ஏற்றச் சொன்னார். "டாக்டருக்குப் போன் போடு. களி வேகறதுக்குள்ள சொல்லிடு," என்றார் இவளிடம்.

முதிந்தா போனை எடுத்து எண்ணைத் தேடினாள்.