எண்ணெய் தேய்த்த கண்ணன்

அழுவதற்குக் காரணம் தேடாத ஒரே ஆத்மா ஜெயங்கொண்டத்தில் செல்லக்கண்ணுதான். முந்திரிக்கொட்டை உடைப்பது அவள் தொழில். ரேடியோ நாடகத்தில் யாருக்காவது தலைவலி வந்தாலும் கண்ணீர் விடுவது பொழுதுபோக்கு. கல்யாணமாகி வெகுகாலமாகியும் மடி நிறையவில்லை. அந்தக் குறைக்கு அவள் கண்டெடுத்த பிள்ளை, தான் தினமும் பெருக்கும் பஜனை மடத்தில், மரப்பலகைச் சித்திரத்தில் தவழ்ந்துகொண்டிருந்த பழைய கிருஷ்ணன்.

பிள்ளை வர வரக் கறுத்துக்கொண்டே போனான். எண்பத்து மூன்றாம் வருஷ ஆடியில் வெண்ணெய்ப் பானை எது, வயிறு எது என்றே தெரியவில்லை. மடத்து நிர்வாகி தங்கசாமி, பழைய படங்களைச் சுத்தம் செய்யும் காசிநாதனைக் கும்பகோணத்திலிருந்து வரவழைத்தார்.

காசிநாதன் படத்தை மோந்து பார்த்தார். "கற்பூரப் புகை சரி. நல்லெண்ணெ பூசுனது யாரு?"

செல்லக்கண்ணு உத்தரத்தை ஆராய்ந்தாள்.

"ஒன்னத்தான் கேக்குறாரு" என்றார் தங்கசாமி.

"தீவாளிக்குப் புள்ள தலையில எண்ணெ வெக்காம இருக்க முடியுங்களா? மத்தபடி சனிக்கெழம மட்டுந்தான்."

காசிநாதனுக்கு வியர்த்தது. "சீயக்கா?"

"கண்ணு எரியுமேன்னு போடலிங்க."

அந்தக் கருணைக்கு அவர் மனதுக்குள் கும்பிடு போட்டார். "எண்ணெயில சாயம் ஊறிப் பேந்திருந்தா மொகம் திரும்ப வராதும்மா. பாப்போம்."

செல்லக்கண்ணுவின் நெஞ்சு வெடித்தது. ஆசையாய்த் தேய்த்த கையே பிள்ளையின் முகத்தைத் தின்றுவிட்டதா? அன்றிரவு அவள் புருஷனுக்குச் சோறு கிடைக்கவில்லை, ஒப்பாரி கிடைத்தது.

மறுநாள் காலை வந்து பார்த்தால், காசிநாதன் குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் நனைத்து, படத்தின்மேல் மெல்ல உருட்டிக்கொண்டிருந்தார்.

"எச்சிலா?" தங்கசாமி பதறினார். "சாமி படங்க சார். நிறுத்துங்க."

"வாய் கொப்பளிச்சுட்டுத்தான் உக்காந்திருக்கேன். சோப்பு போட்டா சாயமே போயிரும். எச்சிலுக்கு அழுக்கு மட்டும் இளகும்."

"நாளைக்கு ஊரு என்னையக் கேக்குங்க."

செல்லக்கண்ணுவும் சண்டைக்குத்தான் வாயெடுத்தாள். அதற்குள் பஞ்சு உருண்ட இடத்தில் நீலக் கன்னம் ஒன்று, குழியோடு, எட்டிப் பார்த்தது. மறு கன்னம் இன்னும் இருட்டில்.

"ஏங்க நிர்வாகி, ஒங்க சின்னவன் கன்னத்துல காஞ்ச சோத்துப் பருக்கைய ஒங்க வூட்டம்மா எப்புடித் தொடைப்பாங்க?"

தங்கசாமியின் கை தன் கன்னத்துக்கே போனது.

"முந்தானைய நாக்குல தொட்டுத்தானே?" என்றவள் காசிநாதன் பக்கம் திரும்பினாள். "நீங்க தொடைங்க சார்."

மத்தியானத்துக்குள் முகம் முழுசாக வந்தது. மூக்கு நுனியில் மட்டும் கொஞ்சம் சாயம் போயிருந்தது. செல்லக்கண்ணு கடமை தவறாமல் அழுதாள்.

"தள்ளி நின்னு அழுங்கம்மா" என்று காசிநாதன் படத்தை நகர்த்தினார். "கண்ணீர்ல உப்பு இருக்கு."

அந்தத் தீபாவளிக்கு, கண்ணாடிச் சட்டத்துக்குள் போய்விட்ட கண்ணன் முன் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றாள். "ஒனக்கு இனிமே கெடையாதாம்டா" என்று சொல்லிவிட்டு, ஒரு கை எண்ணெயைத் தன் உச்சந்தலையிலேயே வைத்துத் தேய்த்துக்கொண்டாள்.