தங்கமாரி அக்காவின் கன்னத்து வெள்ளை

கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி அடுக்குபவர் தங்கமாரி அக்கா. புருசனும் மகனும் இறந்தபின் தனியாக இருக்கிறார். இரண்டு கையும் ஓயாத வேலை என்பதால், காலையில் கன்னத்தில் அதக்கிய புகையிலை மதியம்வரை அங்கேயே கிடக்கும். அந்த இடம் வெள்ளையாகத் தடித்திருந்ததை அவர் கொட்டாவி விட்டபோது பார்த்தேன்.

"வலிக்கலையேட்டி," என்று அதன்மேலேயே புகையிலையை வைத்தார். ஒருவழியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "பழைய செல் காலம் வந்தா சாகணும். சாகச் சொல்ற புரதமும், அதைத் தடுக்கிற புரதமும் உடம்புலயே இருக்கு. புகையிலை அந்தச் சமநிலையைக் கெடுத்துரும். சாக வேண்டியது சாகாம பெருகினா புற்றுநோயாகலாம். துளி சதை எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

"எங்க வீட்டுல எல்லாரும் காலத்துக்கு முன்னாலயே போயிட்டாவ. வாய்க்குள்ள இருக்கது மட்டும் போகமாட்டேங்குதாக்கும்," என்றார் அக்கா. டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"திங்கட்கிழமை வாங்க. வீட்டு ஆள் ஒருத்தர் கூட வரணும்."

"அப்ப வேண்டாம் தாயி," என்று அக்கா எழுந்துவிட்டார்.

வாசலில் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, "நான் வாரேன்க்கா," என்றேன்.

"நீ யாருன்னு கேட்டா என்னட்டி சொல்லுவ?" என்றார். கையை இழுத்துக்கொள்ளவில்லை.